மனதுக்குள்ளேயே நடக்கும் ஓசிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இது 19 வயதில் தொடங்கியது. உயர்தரப் பரீட்சை முடிந்த வருடம். நல்லூர்த் தேர் அன்று அப்பாவுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றபோது, முருகனைப் பற்றி ஒரு தூஷண வார்த்தை மனதுக்குள் வந்து விழுந்தது. யாருக்கும் கேட்கவில்லை, எனக்கு மட்டும் உடம்பு குளிர்ந்து போனது. "மன்னிச்சுக்கொள் முருகா" என்று மனதுக்குள் 3 தரம் சொன்னேன். வீடு போய்ச் சேர்வதற்குள் அது 30 தரமாகிவிட்டது. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியவர 8 வருடங்கள் போயின.

சிகிச்சை எடுத்தேன். இப்போது நன்றாக இருக்கிறேன். இதே கரைச்சலோடு இருப்பவர்கள் யார் மூலமாவது என்னைத் தேடி வருவார்கள். அவர்களோடு கதைப்பேன், வைத்தியரிடம் கூட்டிப் போவேன். நான் வைத்தியர் அல்ல. வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் நான் அனுபவத்திலும் வாசிப்பிலும் அறிந்த பதில்களும்தான் இங்கே உள்ளன.

ஒரு வேண்டுகோள். இதை ஒரு தரம் மட்டும் வாசியுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஓசிடி என்றால் திரும்பத் திரும்பக் கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும்தானே? எனக்கு அப்படி ஒன்றும் இல்லையே.

வெளியே தெரிகிற வகை அது. தமிழில் இந்த நோயை எண்ணச் சுழற்சி நோய் என்றும் சொல்வார்கள், பொருத்தமான பெயர். இதில் 2 பகுதிகள் உண்டு. முதலாவது, கூப்பிடாமலே வந்து பயத்தையோ அருவருப்பையோ குற்ற உணர்வையோ கிளப்பிவிடும் எண்ணம். இரண்டாவது, அந்தத் தவிப்பை அடக்க நாம் செய்யும் சடங்கு. கை கழுவுகிறவருக்குச் சடங்கு பைப்படியில் நடக்கிறது, எங்களுக்குத் தலைக்குள் நடக்கிறது. அதனால்தான் வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. "என்ன பிள்ளை, சும்மா யோசிச்சுக்கொண்டு இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வாழ்நாளில் 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு ஓசிடி வருகிறது. அவர்களில் எத்தனையோ பேர் மனதுக்குள்ளேயே இதை நடத்திக்கொண்டு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வருகிறார்கள்.

எண்ணம் வருகிறது, ஓம். ஆனால் நான் ஒரு சடங்கும் செய்வதில்லையே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கவனித்துப் பார்த்தால் பிடிபடும். கெட்ட எண்ணம் வந்தவுடன் ஒரு தேவாரத்தைச் சொல்லி அதை அழிப்பது, சொல்லும்போது ஒரு அடி பிசகினால் முதலில் இருந்து தொடங்குவது. "நேற்று அந்தப் பிள்ளையைத் தூக்கும்போது என் கை எங்கே இருந்தது?" என்று நினைவைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்ப்பது. "இப்போது எனக்கு ஆசை வருகிறதா, அருவருப்பு வருகிறதா?" என்று உடம்பையே சோதிப்பது. நான் நல்லவன் என்று மனதுக்குள் வழக்காடுவது. இரவு 1 மணிக்குக் கூகுளில் தேடுவது. அக்காவிடம் கேட்பது, பிறகு வேறு சொல்லில் அதையே திரும்பக் கேட்பது. கத்தியை லாச்சிக்குள் ஒளித்து வைப்பதும் கோவிலுக்குப் போகாமல் விடுவதும்கூட இதில் சேரும்.

ஒவ்வொன்றும் சில நிமிடம் ஆறுதல் தரும். அந்த ஆறுதலைப் பார்த்து மூளை, "ஓகோ, அப்படியென்றால் இது உண்மையிலேயே ஆபத்தான எண்ணம்தான்" என்று படித்துக்கொள்கிறது. அடுத்த தரம் இன்னும் உரத்துக் கூப்பிடுகிறது. எண்ணம் வருவது யாருக்கும் வரும். அதற்கு நாம் பதில் சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் நோய் பிடிக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

இப்படி ஒரு எண்ணம் வருகிறதென்றால், அடிமனதில் அந்த ஆசை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. சிலர் கேட்கவே பல மாதம் எடுப்பார்கள்.

இல்லை. 1978இல் லண்டனில் ஸ்டான்லி ரக்மன், பத்மல் டி சில்வா என்ற 2 உளவியலாளர்கள் எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தார்கள். டி சில்வா எங்கள் இலங்கையில் இருந்து போனவர். கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 80 வீதமானோர் இப்படிப்பட்ட எண்ணங்கள் தங்களுக்கும் வருவதாகச் சொன்னார்கள். ஒருவரைத் தாக்குவது, அசிங்கமான பாலியல் எண்ணம் எனப் பலதும் அதில் இருந்தன. எந்த எண்ணம் நோயாளியுடையது, எது சாதாரண ஆளுடையது என்று பிரித்துச் சொல்வது அனுபவமுள்ளவர்களுக்கே இலகுவாக இருக்கவில்லை. 2014இல் 13 நாடுகளில் 777 மாணவர்களிடம் செய்த ஆய்வில், முந்திய 3 மாதங்களுக்குள் ஒரு தரமாவது அப்படி எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 90 வீதத்துக்கும் மேல்.

அப்படியென்றால் அவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் "சீ, என்ன இது" என்றுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுகிறார்கள். நாங்கள் அதைப் பிடித்து விசாரிக்கிறோம். நினைத்தாலே செய்த மாதிரி, நினைத்தால் நடந்துவிடும், நடக்காமல் பார்ப்பது என் பொறுப்பு: இந்த 3 நம்பிக்கைகளும் ஓசிடியின் அத்திவாரம். எண்ணம் கண்ட இடத்தில் ஒட்டுவதில்லை. எது நமக்கு உயிரோ அதில் போய் ஒட்டுகிறது. பக்தருக்குச் சாமியில், தாய்க்குப் பிள்ளையில், மாணவர்களை நேசிக்கும் ஆசிரியருக்கு அந்த மாணவர்களில்.

எனக்குக் குழந்தை பிறந்து 2 மாதம். கிணற்றடிக்குப் போகவே பயமாக இருக்கிறது. வெளியே சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்களா?

என்னிடம் வந்த ஒரு தங்கச்சி பிள்ளையோடு கிணற்றுக் கட்டைத் தாண்டவே மாட்டா. "கையை விட்டால்?" என்று ஒரு காட்சி கண்ணுக்கு முன்னால் வருமாம். பிள்ளையைக் குளிப்பாட்டும் வேலை முழுதும் மாமியிடம் போய்விட்டது. அயலில் எல்லாரும் "தாய்க்குப் பாசம் இல்லை" என்று கதைத்தார்கள். பாசம் கூடியதால்தான் அவ தள்ளி நின்றா.

பிரசவத்துக்குப் பிறகு ஓசிடி தொடங்குவதும் கூடுவதும் வைத்தியர்கள் நன்றாக அறிந்த விஷயம். அந்த எண்ணத்தைக் கண்டு தாய் நடுங்குகிறாள், அது தன் எண்ணமே இல்லை என்பது போல வெறுக்கிறாள். இதற்காக யாரும் பிள்ளையைப் பறிப்பதில்லை. வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடமே முதலில் சொல்லலாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு.

ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். தாய் நாள்கணக்கில் நித்திரையில்லாமல் குழம்பிப்போய் இருந்தால், குரல்கள் கேட்பதாகச் சொன்னால், பிள்ளைக்குள் ஏதோ தீய சக்தி இருப்பதாக உறுதியாக நம்பினால், அது வேறு நோய். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். தாயையும் பிள்ளையையும் தனியே விடக்கூடாது.

எண்ணத்தை வராமல் நிறுத்த ஒரு வழியும் இல்லையா?

இப்போது ஒரு நிமிடம் சிவப்புச் சேவலை மட்டும் நினைக்காமல் இருந்து பாருங்கள்.

1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் வெள்ளைக் கரடியை வைத்து இதையே செய்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களை விடவும் கூடுதலாக அவர்களுக்குக் கரடி வந்தது. "யோசிக்காதை" என்று வீட்டில் சொல்லும் புத்திமதி ஏன் வேலை செய்வதில்லை என்று இப்போது விளங்கும்.

சாமியைப் பற்றி அசிங்கமாக எண்ணம் வருகிறது. கோவிலுக்குப் போகலாமா?

போங்கள். இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல, புதியதும் அல்ல. 1522இல் ஸ்பெயினில் புனித இஞ்ஞாசியார், செய்த பாவங்களைச் சரியாகச் சொல்லவில்லையோ என்று திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்து, அப்படியும் நிம்மதி கிடைக்காமல் உயிரை விடும் எண்ணம் வரை போனார். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். முஸ்லிம் நண்பர் ஒருவருக்கு இது தொழுகையைத் திரும்பத் திரும்பத் தொடங்குவதாக வந்தது.

சிகிச்சை உங்களைக் கடவுளிடமிருந்து பிரிக்காது. சாதாரண பக்தர் எப்படிக் கும்பிடுகிறாரோ அப்படிக் கும்பிட்டுவிட்டு வரலாம். எண்ணத்தை அழிப்பதற்காகக் கும்பிடுவதைத்தான் விட வேண்டும். ஐயரோடோ சுவாமியோடோ இதைப் பற்றி ஒரு தரம் கதைப்பதும் நல்லது. ஒரு தரம்தான்.

இது செய்வினையாக இருக்குமோ?

எனக்கும் நூல் கட்டினார்கள். அம்மா என் மேல் உள்ள அக்கறையில் செய்தது, அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நூல் அவிழ்ந்தால் என்ன நடக்கும் என்று ஒரு நாளைக்குப் பல தரம் தொட்டுப் பார்க்கத் தொடங்கினேன். நோய்க்குப் புதிதாக ஒரு சடங்கு கிடைத்தது. வீட்டில் பரிகாரம் செய்யத்தான் வேண்டும் என்றால் செய்யட்டும், வைத்தியரிடம் போவதை அதற்காகப் பிந்த விடாதீர்கள்.

போர்க்காலத்தில் பட்டதுதான் இப்படி வருகிறதா?

சிலருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. போரில் கண்டது திரும்ப வந்து நிற்பது நடந்த ஒன்றின் நினைவு: ஷெல் சத்தம், இடம்பெயர்ந்த பாதை, இழந்தவரின் முகம். ஓசிடி "ஒருவேளை நடந்தால்?", "ஒருவேளை நான் செய்திருந்தால்?" என்று நடக்காததைப் பற்றிக் கேட்கும். கஷ்டகாலம் ஓசிடியைக் கூட்டலாம். போரையே காணாத பிள்ளைகளுக்கும் அது வருகிறது, பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு என்பதால் வைத்தியரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

எனக்கு விசர் பிடிக்கப் போகிறதா?

இந்தப் பயமே பலருக்கு ஓசிடியின் கருப்பொருளாக இருக்கிறது. ஓசிடி முற்றி அந்த நோயாக மாறுவதில்லை.

ஆனால் சாவைப் பற்றிய எண்ணத்தைச் சும்மா விடக்கூடாது. "நான் குதித்துவிடுவேனோ" என்று பயந்து நடுங்குவது ஒன்று, வாழப் பிடிக்கவில்லை என்று இருப்பது இன்னொன்று. நீண்ட நாள் ஓசிடியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு மனச்சோர்வும் சேர்ந்து வரும், அப்போது இரண்டாவதும் வரலாம். எது என்று உங்களுக்கே பிரிக்க முடியாவிட்டால் இரவோ பகலோ 1926க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம். அல்லது கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள். தனியே இருக்காதீர்கள்.

சிகிச்சையில் உண்மையில் என்னதான் செய்வார்கள்?

இதன் பெயர் இ.ஆர்.பி. பயப்படுவதை நேருக்கு நேர் சந்திப்பது, சந்தித்துவிட்டு வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருப்பது. விக்டர் மேயர் என்பவர் 1966இல் லண்டனில் 2 நோயாளிகளோடு இதைத் தொடங்கி வைத்தார். ஆனால் மனதுக்குள்ளேயே சடங்கு செய்கிறவர்களுக்கு இது சரிவராது என்று பலகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1997இல் கனடாவில் மார்க் ஃபிரீஸ்டனும் அவருடைய சகாக்களும் வெளிச்சடங்கு இல்லாத 29 பேரோடு செய்த ஆய்வு, எங்களைப் போன்றவர்களுக்கும் சிகிச்சை பலன் தரும் என்று காட்டியது.

எனக்கு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். முதலில், எனக்குச் சிகிச்சை தந்த பெண்ணோடு சேர்ந்து பயங்களை ஏணிப்படி போல வரிசைப்படுத்தினோம். கீழ்ப்படி, அந்தத் தூஷண வார்த்தையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுவது. எழுத எனக்கு 20 நிமிடம் எடுத்தது. எழுதிய பிறகு அதை 4ஆக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திரியச் சொன்னா. "மன்னிப்புக் கேக்காமல் இருங்கோ தம்பி. பயம் வரட்டும், பாப்பம்." முதல் நாள் பஸ்ஸில் சட்டை நனைந்து ஒட்டிப்போனது, பையில் நெருப்புத் துண்டு கிடப்பது போல இருந்தது. நாலாம் நாள் அதை மறந்தே போனேன். இரண்டாம் கிழமை அம்மா சட்டையைத் தோய்க்கும்போது கடதாசி மடிப்பில் கரைந்துவிட்டது. இன்னொன்று எழுதி வைத்தேன், அப்போது கை நடுங்கவில்லை.

அடுத்த படிகளில் அந்த எண்ணத்தை என் குரலிலேயே போனில் பதிந்து திரும்பத் திரும்பக் கேட்டேன். வெள்ளிக்கிழமை நல்லூர் வீதியில் நின்றேன். கடைசிப் படியில், பூசை நேரம் உள்ளே நின்று, எண்ணம் வந்தால் வரட்டும் என்று விட்டேன்.

கஷ்டமான இடம் எது தெரியுமா? கையைக் கட்டிப்போடலாம், மனதைக் கட்டிப்போட முடியாது. நான் நினைப்பதற்கு முன்பே "மன்னிச்சுக்கொள்" என்று ஓடிவிடும். அதற்கும் ஒரு வழி சொல்லித் தந்தா. சடங்கு தன்பாட்டில் ஓடிவிட்டால், உடனே அதன் பின்னால், "ஒருவேளை முருகன் கோவித்துத்தான் இருக்கிறாரோ, தெரியாது" என்று சொல்லி அதைக் கெடுத்துவிட வேண்டும். அந்தத் "தெரியாது" என்ற சொல்லோடு இருந்து பழகுவதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. பயம் தானாக இறங்கும். சில நாள் இறங்காது, இறங்காவிட்டாலும் தாங்கலாம் என்று தெரிந்துகொள்வீர்கள்.

வழக்கமாகக் கிழமைக்கு ஒரு தரம் வீதம் 12 முதல் 20 அமர்வுகள் வரை போகும். அமர்வை விட வீட்டில் செய்யும் பயிற்சிதான் பெரிது.

மருந்து எடுக்க வேண்டுமா? பழகிவிடாதா?

சிலருக்கு இ.ஆர்.பி. மட்டும் போதும், சிலருக்கு மருந்து, கடுமையாக இருந்தால் இரண்டும். புளூஒக்செற்றின், செர்ற்றலின் போன்றவற்றை முதலில் கொடுப்பார்கள். குளோமிப்பிறமின் பழைய மருந்து, நல்ல மருந்து, பக்கவிளைவு சற்றுக் கூட. மனச்சோர்வுக்குப் புளூஒக்செற்றின் 20 மில்லிகிராம் போதுமான ஒருவருக்கு, ஓசிடிக்கு 40, 60 என்று கூட்டவேண்டி வரலாம். பலன் தெரிய 8 முதல் 12 கிழமை செல்லும். 2 கிழமையில் "ஒன்றும் நடக்கவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் நிறைய, அதுதான் எனக்கு மனவருத்தம்.

ஆரம்பத்தில் வயிற்றைப் பிரட்டலாம், தலையிடிக்கலாம், பதற்றம் கொஞ்சம் கூடலாம். இளவயதினரை முதல் சில கிழமைகள் வீட்டில் கவனமாகப் பார்க்க வேண்டும், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இவை நித்திரைக் குளிசை மாதிரி அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் திடீரென்று விடக்கூடாது, சுகமான பிறகும் ஒரு வருடமாவது தொடர்ந்து, வைத்தியர் சொல்கிறபடி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? ஆரும் கண்டால்?

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. பணம் தேவையில்லை. ஊரில் கண்டுவிடுவார்கள் என்று பயந்தால் மற்றப் பக்கத்து வைத்தியசாலைக்குப் போங்கள், அப்படிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

உளவளத்துணையாளரிடம் போனால், "ஓசிடிக்கு இ.ஆர்.பி. செய்வீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். நான் முதலில் போன இடத்தில் ஒவ்வொரு எண்ணத்தையும் ஆராய்ந்து, நல்ல எண்ணத்தால் அதை மாற்றச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் ஒரு வருடம் வீணானது. அந்த நல்ல எண்ணமே எனக்கு அடுத்த சடங்காகிவிட்டது.

வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

"அம்மா, நான் அப்படிச் செய்ய மாட்டன்தானே?" "செய்யமாட்டாய் பிள்ளை." இது ஒரு நாளைக்கு 20 தரம் நடக்கும். கனடாவில் இருக்கும் அக்காவிடமும் வாட்ஸ்அப்பில் நடக்கும். பாசத்தில் சொல்லும் பதில்தான், ஆனால் அது நோய்க்குத் தீனி. திடீரென்று கதவைச் சாத்துவதும் கூடாது. பிள்ளையோடு முதலில் கதைத்துப் பேசி வைத்துக்கொண்டு, பிறகு இப்படிச் சொல்லலாம்: "உனக்குக் கஷ்டமா இருக்கெண்டு விளங்குது பிள்ளை. இதுக்குப் பதில் சொல்லுறேல்லை எண்டு ரெண்டுபேரும் கதைச்சனாங்கள்தானே. வா, கத்தரிக்காய் வெட்டுவம்." கத்தியைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.

முழுதாக மாறுமா?

எண்ணம் எனக்கு இப்போதும் சில நேரம் வரும், பரீட்சை, மரணவீடு, நித்திரை குறைந்த நாள்களில் கூடுதலாக வரும். முன்பு ஒரு நாளில் 5 மணித்தியாலம் தின்றது, இப்போது வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறது.

எல்லாம் வாசித்துவிட்டேன். ஒரே ஒரு தரம் சொல்லுங்கள்: என்னுடையது ஓசிடிதானே? வேறு ஒன்றும் இல்லையே?

இந்தக் கேள்விக்கு நான் இங்கே பதில் எழுதப் போவதில்லை. உங்களைக் காணாமல் யாரும் அதைச் சொல்லக்கூடாது, அது ஒன்று. நான் "ஓம்" என்று எழுதினாலும் அது இன்று இரவு வரைதான் தாங்கும், நாளை விடிய இதே பக்கத்தைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடுவீர்கள். ஒரு தரம் மட்டும் வாசிக்கச் சொன்னது அதனால்தான்.

ஒரு கடதாசி எடுங்கள். என்ன எண்ணம் வருகிறது, வந்தவுடன் மனதுக்குள் என்ன செய்கிறீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போகிறது, இதற்காக எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகிறதென்றால் பிந்தவே வேண்டாம். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்லவும் தேவையில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், அந்தக் கடதாசியை வைத்தியரின் மேசையில் வையுங்கள்.